7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை: கற்பனை உலகத்துக்கு வரைபடமும் வழிநடையும்

கற்பனை உலகத்துக்கு வரைபடம் போடச் சொல்லித்தருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரு பாடம் சொல்வார்கள்: ஆறுகள் சேரும், பிரியாது. பல ஓடைகளாக மலையில் பிறந்து, வழியில் ஒன்றோடொன்று கலந்து, ஒரே ஆறாகக் கடலுக்குப் போகும். நடுவில் இரண்டாகப் பிரிகிற மாதிரி வரைந்தால் தப்பு என்பார்கள். மலைநாட்டுக்காரர்களுக்கு அது சரி. நமக்குச் சரிப்படாது. முக்கொம்பில் காவிரியை விட்டுக் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாண்டவையாறு, கோரையாறு, பாமணியாறு என்று விரல் விரலாகப் பிரிந்துகொண்டே போய், பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு வாய்க்கால் அகலத்துக்கு இளைத்துவிடுகிறது. கடலை நெருங்க நெருங்க ஆறு அகலமாகும் என்று நினைத்து வரைகிறவர்களுக்கு இது இன்னொரு ஆச்சரியம்.

கும்பகோணத்தில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டேபிள்டாப் ஆர்பிஜி ஆடுகிறோம், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் ஆட்டம். நான் ஜிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். முதல் ஒரு வருடம் நான் போட்ட வரைபடங்களில் பனிமலையும் பைன் காடும்தான் இருந்தன. "அண்ணா, இங்கேருந்து அந்தக் கோட்டைக்குப் போக எத்தனை நாள்?" என்று கேட்பார்கள். "மூணு நாள்" என்பேன். "சரி, போறோம்" என்பார்கள். மூன்று நாளும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். எங்களில் ஒருவரும் பனியில் நடந்ததில்லை. அதனால் அந்த மூன்று நாளைப் பற்றிக் கேட்கவும் சொல்லவும் யாரிடமும் எதுவும் இல்லை.

அதன்பிறகு கதையை டெல்டாவுக்கு மாற்றினேன். அதே நண்பர்கள், அதே கேரக்டர்கள். முதல் நாளே வரப்பில் போவதா, கரைமேல் சுற்றிப் போவதா என்று கால்மணி நேரம் வாதாடினார்கள். மழை விட்ட மறுநாள் வரப்பு எப்படி வழுக்கும் என்று எல்லாருக்கும் காலிலேயே தெரியும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: நடந்து பார்த்த மண்ணை வரையுங்கள். பயண விதிகளில் பாதியை விளக்கவே வேண்டியிருக்காது.

இந்த ஆட்டத்தையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றால், சுருக்கமாக: ஒருவர் ஜிஎம். அவர் உலகத்தைச் சொல்வார், நடப்பதைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். வேல்வீரன், வைத்தியர், கூத்துக்காரி, திருடன், யாராகவும் இருக்கலாம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். முடிவு சந்தேகமானால் பகடை. ஆறு முகப் பகடை இரண்டு இருந்தால் கீழே வரும் எங்கள் விதிகளுக்கெல்லாம் போதும்.

புள்ளி வைப்பது

வரைபடத்துக்கு அறுகோணக் கட்டம் வேண்டும். ஹெக்ஸ் என்பார்கள், நாங்கள் கட்டம் என்றே சொல்கிறோம். சதுரத்தில் மூலை வழியாகப் போனால் தூரம் கூடிவிடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, திறந்தவெளிப் பயணத்துக்கு 1972-இல் வந்திருந்த வேறொரு ஆட்டத்தின் அறுகோணப் பலகையை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே தொடங்கிய பழக்கம் இன்னும் தொடர்கிறது.

கட்டம் போட்ட தாளை பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் கோலம் போடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதுவும் தேவையில்லை. நேர்புள்ளி வைத்தால் சதுரம் வரும். ஊடுபுள்ளி வைத்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு புள்ளிகள் சம தூரத்தில் நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டத்தின் நடு. அவ்வளவுதான், கோடு போடாமலேயே அறுகோண வரைபடம் தயார்.

முதல் வரைபடத்துக்கு 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை. அதாவது நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. ஏ4 தாளில் புள்ளிக்குப் புள்ளி 2 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 1.7 சென்டிமீட்டர் விட்டால் சரியாக உட்காரும். எங்களுக்குப் புள்ளி வைத்துத் தருவது என் அக்கா. ஆட்டத்தில் சேர மாட்டார், ஆனால் அவர் பென்சிலால் வைத்த புள்ளி ஸ்கேல் பிடித்த மாதிரி நிற்கும். கை பழகிய பிறகு 15 புள்ளி, 8 வரை போங்கள். 169 கட்டம் வரும். புள்ளிக்குப் புள்ளி 10 கிலோமீட்டர் என்று வைத்தால் கல்லணையிலிருந்து கடல்வரை ஒரே கோலத்தில் அடங்கிவிடும். ஆனால் அதைக் கொண்டு ஆரம்பிக்காதீர்கள். 37 கட்டமே நாலைந்து மாத ஆட்டத்துக்குத் தாங்கும்.

ஏன் 10 கிலோமீட்டர்? இந்த ஆட்டங்களில் பலரும் வைத்துக்கொள்ளும் கட்டம் 6 மைல். அது 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சமவெளியில் நிற்கும் ஒருவர் கண்ணுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் இருக்கிறது. கட்டத்தின் நடுவில் நின்றால் அதன் விளிம்புவரை தெரியும் என்று அர்த்தம். "இந்தக் கட்டத்தில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால் ஜிஎம் பதில் சொல்ல அது வசதி.

தண்ணீர் முதலில்

ஊர், கோட்டை, காடு எல்லாம் அப்புறம். முதலில் ஆறு. நடுவரிசையின் மேற்கு ஓரப் புள்ளியில் ஒரு தலைப்பு வையுங்கள். ஆறு அங்கே வந்து பிரிகிறது. வடக்கே ஒரு கிளை: அகலம், ஆழம், மேற்கொண்டு பிரியாது, வெள்ளம் வந்தால் எல்லாத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கடலுக்கு ஓடும். நம் கொள்ளிடம் செய்கிற வேலை. தெற்கே இன்னொரு கிளை: இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை பிரிந்து, கிழக்கே போகப் போக மெலியும். கிழக்கு விளிம்பில் கடல். தென்கிழக்கு மூலையில் முத்துப்பேட்டைப் பக்கம் இருப்பது போல் அலையாத்திக் காடும், அதை ஒட்டி உப்பளமும்.

பென்சிலால் போடுங்கள். முதல் தடவை கிளைகள் அளவுக்கு மீறிப் போய்விடும். 37 கட்டத்துக்கு மொத்தம் நான்கு ஆறு போதும். வாய்க்கால் எதையும் வரையாதீர்கள். எல்லாக் கட்டத்திலும் வாய்க்கால் உண்டு என்று மனதில் வைத்துக்கொண்டால் சரி.

ஆறு போட்டு முடித்ததும் வரைபடம் தானாகப் பேச ஆரம்பிக்கும். எந்த இரண்டு ஊருக்கு நடுவே எத்தனை ஆறு என்று எண்ணிப் பாருங்கள். மேற்கிலிருந்து கிழக்கே போவது சுலபம், கரையைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். வடக்கிலிருந்து தெற்கே போவதுதான் கஷ்டம், ஒவ்வொரு ஆறாகத் தாண்ட வேண்டும். மலை இல்லாத நாட்டில் மலையின் இடத்தில் ஆறு நிற்கிறது. அதனால் கதையின் முதல் வேலையை எப்போதும் வடக்குத் தெற்காக வையுங்கள். தென்கரை ஊரில் நோயாளி, வடகரை ஊரில் மருந்து. இவ்வளவு போதும்.

இனி ஊர். ஒரு கட்டம் ஏறக்குறைய 87 சதுர கிலோமீட்டர். டெல்டாவில் அதற்குள் எத்தனையோ ஊர்கள் இருக்கும். எல்லாவற்றையும் எழுத முயன்றால் ஆட்டம் ஆரம்பிக்கவே மாட்டீர்கள். கட்டத்துக்கு மூன்று விஷயம் போதும்: ஓர் ஊர், ஒரு நீர்நிலை அல்லது மதகு, ஒரு தகராறு. அதுவும் 37 கட்டத்துக்கும் வேண்டாம். கதை தொடங்கும் ஊரையும் அதைச் சுற்றிய ஆறு கட்டங்களையும் மட்டும் நிரப்புங்கள். மற்றவற்றில் பெயர் மட்டும்.

பெயர் வைக்க வேற்றுமொழி ஒலிகளைத் தேட வேண்டாம். நம் ஊர்ப் பெயர்களின் கடைசிப் பகுதியே சேதி சொல்லும். துறை என்று முடிந்தால் அங்கே ஆற்றைத் தாண்டலாம். பட்டினம் என்றால் கடல், கப்பல், சரக்கு. மங்கலம் என்றால் யாரோ ஓர் அரசன் தானமாகக் கொடுத்த நிலம், செப்பேடு எங்கேயோ இருக்கும். திட்டு என்றால் தண்ணீர் சூழ்ந்த மேடு. படுகை என்றால் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற நிலம், வெள்ளத்தில் முதலில் மூழ்குவது. எங்கள் ஆட்டத்தில் "வேங்கைத்துறை" என்று ஒரு பெயரை வரைபடத்தில் பார்த்ததுமே, தோணி கிடைக்கும் என்று விளையாடுகிறவர்கள் தாங்களாகவே சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை.

தூரத்தை நாழிகையாக்குவது

பயண விதி என்று தனியாக ஒன்று எதற்கு? தூரத்தை நேரமாக மாற்ற. நேரம் கணக்கில் வந்தால்தான் பொழுது சாய்வதும், கட்டுச்சோறு கெடுவதும், தண்ணீர் ஏறுவதும் கதைக்குள் வரும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், 2014-இல் வந்த விதிப்படி, ஒரு நாளைக்கு 8 மணி நேர நடை. சாதாரண வேகத்தில் 24 மைல், மெதுவாகப் போனால் 18, வேகமாகப் போனால் 30. வேகமாகப் போகிறவர்கள் சுற்றிலும் நடப்பதைக் கவனிப்பது குறையும். மெதுவாகப் போகிறவர்கள் மறைந்து போகலாம். 6 மைல் கட்டத்தில் இது நாளைக்கு 4, 3, 5 கட்டம் என்று பைசா சுத்தமாக வந்துவிடுகிறது.

இதை நாங்கள் நாழிகையில் வைத்துக்கொண்டோம். ஒரு நாழிகை 24 நிமிடம். சாதாரண நடையில் ஒரு நாழிகைக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் போகலாம். ஆக ஒரு கட்டம் 5 நாழிகை. 8 மணி நேரம் என்பது 20 நாழிகை, 4 கட்டம். பகல் 30 நாழிகை. மீதி 10 நாழிகை குளிக்க, சமைக்க, உச்சி வெயிலில் மரத்தடியில் உட்கார. மணியும் மைலும் போட்டுப் பெருக்கிக்கொண்டிருந்ததைவிட இது எங்களுக்கு வேகமாக ஓடுகிறது. கதைக்குள் இருக்கிறவர்களும் இதே கணக்கில்தான் பேசுவார்கள்.

நிஜத்தோடு ஒட்டிப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்: ஒரு நாள் நடை, 4 கட்டம். அங்கிருந்து மயிலாடுதுறைக்கு இன்னொரு நாள். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் பூம்புகார் போய்விடலாம். பஸ்ஸில் போய் வந்த பாதையை இப்படி நாள்கணக்கில் நினைத்துப் பார்ப்பதே ஒரு சுகம்.

ஒரு கட்டத்தைக் கடக்க நாங்கள் வைத்திருக்கும் கணக்கு:

கரைச்சாலை, வண்டிப்பாதை: 5 நாழிகை
வயல் வழியே, கோடையில்: 5. மழைக்காலத்தில் வரப்பில்: 10
கடலோர மணல்: 10
அலையாத்திக் காட்டில் காலால்: 20. தோணியில்: 10
ஆற்றுப்போக்கில் தோணி: 4. எதிர்த்து: 10. கோடையில் தோணி கிடையாது

20 நாழிகைக்கு மேல் நடந்தால்? அதே ஐந்தாம் பதிப்பில், 8 மணிக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் உடலின் தாங்குதிறனுக்கு ஓர் இருபது முகப் பகடை, இலக்கு 10-உடன் கூடுதல் மணி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. தோற்றால் களைப்பு ஒரு படி ஏறும். நீங்கள் வேறு விதியில் ஆடினால் இதையே எளிமையாக்கி, கூடுதல் கட்டம் ஒன்றுக்கு ஆறு முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் மறுநாள் ஒரு கட்டம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பருவம், மூன்று வரைபடம்

டெல்டாவில் மண் நகராது, ஆனால் வரைபடம் மாறும். மாதத்தைக் கேட்காமல் வரைபடத்தைப் படிக்க முடியாது. எங்கள் ஆட்டத்தில் ரொம்பப் பலன் கொடுத்த பகுதி இது.

கோடை, அதாவது பங்குனியிலிருந்து ஆனி தொடக்கம்வரை: ஆற்றில் மணல்தான். நடந்தே தாண்டலாம். அறுவடை முடிந்த வயல் வெடித்துக் கிடக்கும், வண்டி குறுக்கே போகும். வடக்குத் தெற்குப் பயணம் இப்போதுதான் சுலபம். கொள்ளைக்காரர்களுக்கும் படைகளுக்கும் அப்படித்தான். வெயில் நேரத்தில் தண்ணீர் இரட்டிப்பாகச் செலவாகும். கடலோரக் கட்டங்களில் தண்ணீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே என்று ஊர்க்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆடி: புதுத் தண்ணீர். குடகில் மழை பெய்து இங்கே ஆறு நிரம்பும். நம் காலத்தில் மேட்டூர் ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அணை இல்லாத கற்பனை உலகத்தில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரு பகடை போட்டு ரகசியமாகக் குறித்து வையுங்கள். ஆறு முகப் பகடையில் விழுந்த எண்ணிக்கை நாட்கள் கழித்துத் தண்ணீர் தலைப்புக்கு வரும், அப்புறம் நாளைக்கு மூன்று கட்டம் கிழக்கே நகரும். எங்கள் ஆட்டத்தில் திருடனாக ஆடுகிறவர் மணலில் புதைத்த பெட்டியை எடுக்கப் போன அன்று காலை, ஆற்றின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு நீர்க்கோடு நுரையும் சருகுமாக ஊர்ந்து வந்தது. யாரும் பகடை போடச் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை: அடைமழை. வயலெல்லாம் நீர். காய்ந்த மேடு என்றால் கரையும் ஊரும்தான். கரை உடைப்பெடுத்தால் அந்தக் கட்டமும் அதற்குக் கிழக்கே இருக்கிற கட்டமும் ஒரு வாரத்துக்குத் தோணிக்கட்டம் ஆகிவிடும். பென்சிலால் லேசாக நிழல் போட்டு வையுங்கள், வடிந்ததும் அழித்துவிடலாம்.

ஆற்றைத் தாண்டப் பகடை எப்போது? கோடையில் வேண்டாம். ஆடியில் துறையில் தாண்டினால் வேண்டாம், வேறு இடத்தில் தாண்டினால் 1, 2 விழுந்தால் விபத்து. ஐப்பசியில் துறையில் 1, வேறு இடத்தில் 1 முதல் 3 வரை. இரவென்றால் எல்லாவற்றிலும் ஓர் எண் கூட்டிக்கொள்ளுங்கள். விபத்து என்றால் சாவு இல்லை. ஒரு மூட்டை போகும், ஆட்களை ஆறு ஒரு கட்டம் கிழக்கே இழுத்துக்கொண்டு போய் எதிர்பாராத கரையில் போடும். புதியவர்கள் இந்த இடத்தில் கேரக்டரைக் கொன்றுவிடுவார்கள். வேண்டாம். இழுத்துப் போனால்தான் நீங்கள் எழுதி வைத்த மற்ற கட்டங்களுக்கு வேலை வரும்.

ஒரு நாள் நடை

விளையாடும்போது ஒரு நாளை நான்கு நடையாகப் பிரிக்கிறேன்: விடியல், முற்பகல், பிற்பகல், சாயங்காலம். ஒவ்வொன்றும் 5 நாழிகை. ஒவ்வொரு நடைக்கும் முன் இரண்டே கேள்வி: எந்தப் பக்கம், எந்த வழியாக? பதில் வந்ததும் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். முற்பகலிலும் சாயங்காலத்திலும் ஒரு பகடை, இரவில் ஒரு பகடை. 1 விழுந்தால் ஏதோ எதிர்ப்படும். நடைக்கு நடை பகடை போட்டால் ஊர் போய்ச் சேரவே ஒரு மதியம் போதாது. பகலில் இரண்டு முறை போதும் என்பது பல செஷன் ஆடிப் பார்த்துக் கண்டது.

எதிர்ப்படுவது சண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கரைச்சாலைக்கு, மழைக்காலத்துக்கு நான் வைத்திருக்கும் பட்டியல்:

1. கரையில் கசிவு. ஊரே கூடி ஆள் தேடுகிறது.
2. நெல் வண்டி அச்சுவரை சேற்றில் இறங்கி நிற்கிறது. மூட்டைக்கு அடியில் வேறு ஏதோ இருக்கிறது.
3. வாத்து மேய்ப்பவர்கள். நேற்று இரவு இந்த வழியே போனது யாரென்று அவர்களுக்குத் தெரியும்.
4. மதகில் தகராறு. திறக்கச் சொல்கிறார்கள் கடைமடைக்காரர்கள், கூடாது என்கிறார்கள் தலைமடைக்காரர்கள்.
5. படுகையில் முதலை படுத்திருக்கிறது. பாதை அதன் வாலருகே போகிறது.
6. தூரத்தில் மினுக்கும் ஒளி. கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறார் கூட வருகிறவர்.

இரவில் தங்க இடம் பார்ப்பதும் ஒரு முடிவு. எங்கள் உலகத்தில் ஐயனார் கோயில் எல்லைக்குள் படுத்தால் இரவுப் பகடை கிடையாது. மண்குதிரைகள் ஊரைச் சுற்றி வரும் சத்தம் மட்டும் கேட்கும். எல்லைக்கு வெளியே என்றால் பகடை உண்டு. இந்த ஒரு விதிக்காகவே சாயங்கால நடையை வேகமாகப் போவதா வேண்டாமா என்று யோசிப்பார்கள்.

சாப்பாட்டுக்கு ஐந்தாம் பதிப்பு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு உணவு, ஒரு காலன் தண்ணீர் என்கிறது. பாலைவனத்தில் அது உயிர்ப்பிரச்னை. நம் பக்கம் வழியெல்லாம் ஊர், சத்திரம். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்பாள் சத்திரம் போல வழிப்போக்கருக்குச் சோறு போட்ட இடங்கள் இருந்த நாடு இது. பசியை விதியாக்குவதில் பலன் இல்லை. நான் கணக்கு வைப்பது நடக்கிற பாதங்களை. தொடர்ந்து இரண்டு நடை சேற்றிலோ தண்ணீரிலோ போய், இரவில் காயவைக்க நெருப்பும் இல்லாவிட்டால் சேற்றுப்புண். மறுநாள் ஒரு நடை குறையும். வைத்தியராக ஆடுகிறவருக்கு அன்று வேலை.

வழி தவறுவது? பகலில் கோபுரம் தெரிந்தால் பகடையே வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 216 அடி. அந்த மாதிரி ஒன்று வரைபடத்தில் இருந்தால், தெளிந்த நாளில் பக்கத்துக் கட்டங்களிலிருந்தும் தெரியும் என்று வையுங்கள். இருட்டிலோ மழையிலோ ஆறு பிரிகிற தலைப்பைத் தாண்டும்போது மட்டும் பகடை: 1, 2 விழுந்தால் வேறு கிளையின் கரையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். உடனே சொல்லிவிடாதீர்கள். அடுத்த கட்டத்தில் ஊர்ப் பெயர் மாறி வரும்போது அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஒரு துறையில் நடந்தது

ஐப்பசி, மூன்றாம் நாள், பிற்பகல் நடை முடிந்திருந்தது. வடகரைக்குப் போயாக வேண்டும். துறையில் தோணிக்காரர் தோணியைக் கரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நடை அக்கரைக்குப் போட முடியுமா? கூலி சேர்த்துத் தர்றோம்" என்றார் வைத்தியர்.

நான் தோணிக்காரராகப் பதில் சொன்னேன்: "காசுக்கு இல்ல தம்பி. தண்ணி நெறத்தப் பாருங்க. காலைல இருந்த தண்ணியா இது? செக்கச்செவேல்னு வருது. மேல எங்கயோ நல்ல மழை."

அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. எண் எதுவும் சொல்லவில்லை. நால்வரும் வரைபடத்தின்மேல் குனிந்தார்கள். ஒருவர் விரல் மேற்கே தலைப்புவரை போய்த் திரும்பியது. "தண்ணி நாளைக்கு மூணு கட்டம் வரும்ல? நிறம் இப்பவே மாறிடுச்சுன்னா ராத்திரிக்குள்ள ஏறிடும்டா." "அப்போ இந்தக் கரை?" "இது உள்பக்கம் வளையுது பார், இங்கதான் மோதும்." வளைவு நான் யோசிக்காமல் போட்டது. அவர்கள் அதைப் படித்துவிட்டார்கள்.

தாண்டவில்லை. ஊருக்குள் போய் எழுப்பினார்கள். இரவு முழுக்க மூங்கில் முளையடித்து, கீற்றும் வைக்கோலும் திணித்து, மண் போட்டுக் கரையைக் காத்தார்கள். மூன்று பகடை போட்டோம், மூன்றாவதில் தப்பியது. வடகரை வேலை ஒரு நாள் தள்ளிப்போனது, அதனால் அங்கே ஒருவர் செத்துப்போனார். அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

இங்கே புதிய ஜிஎம் கவனிக்க வேண்டியது தோணிக்காரர் சொன்ன அந்த நிறம். ஆபத்து வருமுன் ஓர் அடையாளம் கொடுங்கள்: நீரின் நிறம், கூடு மாற்றும் எறும்பு, திடீரென்று அடங்கிப்போகும் தவளைச் சத்தம். அடையாளம் கொடுத்த பிறகு தோற்றால் அவர்கள் முடிவு. கொடுக்காமல் தோற்கடித்தால் அடுத்த வாரம் யாரும் வரைபடத்தைப் பார்க்க மாட்டார்கள், "நீங்களே சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு தாள்

கடைசியாக, உங்கள் வரைபடத்தை அவர்களிடம் கொடுக்காதீர்கள். அதே 37 புள்ளி வைத்த வெற்றுத்தாள் ஒன்றைக் கொடுங்கள். தொடங்கும் ஊரும் அதன் ஆறும் மட்டும் அதில் இருக்கட்டும். மீதியை அவர்கள் நடந்தும் கேட்டும் நிரப்புவார்கள். கேட்டது பொய்யாகவும் இருக்கலாம். சந்தையில் ஒருவர் "ரெண்டு ஆறு தாண்டணும்" என்றால் இரண்டு கோடு போடுவார்கள், போய்ப் பார்த்தால் மூன்று இருக்கும். கேட்டதைப் பென்சிலாலும் நடந்ததைப் பேனாவாலும் போடச் சொல்லுங்கள். எங்கள் தாளில் இப்போது பேனாக் கோடு பதினோரு கட்டத்தில் இருக்கிறது. வடகிழக்கில் ஒரு திட்டின் பெயர் மூன்று முறை அழித்து எழுதப்பட்டிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு தாளிலும் ஓரத்தில் மாதமும் நாளும் குறியுங்கள். எந்தக் கரை உடைந்தது, எந்த மதகு திறந்திருக்கிறது என்று உங்கள் தாளில் மட்டும் ஒரு வரி. அடுத்த ஞாயிறு அவர்கள் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்: "அண்ணா, தண்ணி வடிஞ்சுதா?"